கடற்சுவரில் பதினான்கு அடி

எனக்குச் சும்மா இருக்க வராது. பென்சன் எடுத்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் வீட்டுக் கிணற்றுக்கட்டை இரண்டு தடவை உடைத்துக் கட்டிவிட்டேன். மூன்றாவது தடவை அலவாங்கைத் தூக்கியபோது என் மனைவி குறுக்கே வந்து நின்றுவிட்டாள். "கிணத்துக்கு வாய் இருந்தா உங்களத் திட்டும். எங்கயாச்சும் ஒரு நடை போய்ட்டு வாங்களேன்" என்றாள். அவள் சொல்லி முடிக்கவும் படலையடியில் சைக்கிள் மணி கேட்கவும் சரியாக இருந்தது.

வந்தவர் நவாஸ். அக்கரைப்பற்றுப் பிள்ளை. படித்து முடித்து எங்கள் கரையோர வேலைக்கு எஞ்சினியராக வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. கக்கத்தில் சுருட்டிய வரைபடம். நான் வேலை மேற்பார்க்கும் ஓவசியராக நின்று கட்டிய கடற்சுவரையும் அதன் பின்னால் இருக்கும் பூங்காவையும் திருத்தப் போகிறார்கள் என்று ஏற்கெனவே காதில் விழுந்திருந்தது. என்னை யாரும் கேட்கவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு புகைச்சலும் இருந்தது. அதனால் கொஞ்சம் முறுக்காகவே நாற்காலியைக் காட்டினேன்.

"ஓவசியர் மாமா, ஒரு சந்தேகம்" என்று அவர் வரைபடத்தை விரித்தார். "பிளான்ல சுவர் நேராப் போகுது. ஆனா மையவாடிப் பக்கம் போய்ப் பாத்தா சுவர் கடலுக்குள்ள வயிறு தள்ளி நிக்குது. பதினாலு அடி. ஃபைல்ல அதுக்கு ஒரு எழுத்துக்கூட இல்ல. என்ன நடந்த?"

"ஒன்பது அடி" என்றேன்.

"இல்ல மாமா, பதினாலு. நானே நாடா புடிச்சு அளந்த."

"நாடாவ சரியாப் புடிச்சிருக்க மாட்டீங்க."

அவர் சிரித்தார். பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். சுவரின் மேல் ஒரே நேரான நடைபாதை போடவேண்டுமாம், அந்த வளைவை வெட்டி நேராக்கும்படி மேலிடத்தில் சொல்கிறார்களாம். வளைவுக்கு ஒரு காரணம் இருந்தால் விட்டுவிடலாம், காரணம் இல்லையென்றால் அடுத்த மாதம் கல்லைப் பிடுங்கத் தொடங்குவார்கள்.

அன்று நான் நவாஸிடம் பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. இங்கே முழுவதையும் எழுதுகிறேன்.

பதினெட்டு வயதில் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் அளவுச் சங்கிலி பிடிக்கும் ஆளாகச் சேர்ந்தேன். சங்கிலி பிடித்து, மண் அளந்து, பரீட்சை எழுதித் தோற்று, மறுபடி எழுதி ஓவசியர் ஆனேன். இருபது வருடம் வாய்க்கால் வேலை. அது எனக்குப் பிடித்த வேலை. தண்ணீர் நாம் வெட்டிய பக்கம் போகும், திறந்தால் வரும், அடைத்தால் நிற்கும். காலையில் ஓர் இடம், மத்தியானம் இன்னோர் இடம் என்று சைக்கிளில் பறந்துகொண்டே இருக்கலாம். கடலோடு மல்லுக்கட்ட வேண்டி வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

எழுபத்தெட்டுச் சூறாவளி எங்கள் கரையை என்ன செய்தது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. தென்னந்தோட்டங்கள் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்துக் கிடந்தன. மீன்வாடிகள் இருந்த இடம் தெரியவில்லை. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கரையைப் பிடித்து வைத்திருந்த தாழையும் அடம்பன்கொடியும் போனதால், அடுத்து வந்த ஒவ்வொரு மாரியிலும் வாடைக்காற்று கடலைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் வந்தது. கடற்கரை வீதி பாதி போயிற்று. கடலோரத்துச் சின்னப் பள்ளிவாசலின் மையவாடி, அதாவது எங்கள் பழைய அடக்கத்தலம், அதன் வேலி போயிற்று. கபுறுகளின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நட்டிருந்த மீசான் கட்டைகள் எல்லாம் போயின. ஒரே ஒரு சாந்து பூசிய கட்டுக் கபுறும், வேலியின் மூலைக்கல்லும், வாசல் தூணின் அடிப்பாகமும், ஒரு தாழையின் அடிக்கட்டையும்தான் மிச்சம். மற்றதெல்லாம் வெறும் மணல்.

அந்தக் கரையைக் கட்டத்தான் சிவஞானம் ஐயா வந்தார். யாழ்ப்பாணத்து எஞ்சினியர், மெலிந்த ஆள். சப்பாத்து இரண்டையும் கயிற்றால் முடிந்து கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வெறுங்காலோடு கரை முழுக்க நடப்பார். ஊர்ச் சனம் முதலில் சிரித்தது. ஈரமணல் எங்கே இறுகியிருக்கிறது, எங்கே காலை உள்ளே வாங்குகிறது என்று காலால் பார்க்கிறார் என்பது எனக்கே ஒரு கிழமை கழித்துத்தான் விளங்கியது. சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். என்னை முதல்நாளே அளந்துவிட்டார்.

"உமக்கும் கடலுக்கும் ஒரே வருத்தம் காணும் ஆதம்பாவா. ஒரு இடத்திலை இருக்கேலாது" என்றார்.

அவர் கொண்டுவந்த திட்டம் ஊருக்குப் புதிது. கடல்பக்கம் சரிவாகக் கற்சுவர். அதன் பின்னால் மண் நிரப்பி உயர்த்திய பூங்கா. புல், அடம்பன், சவுக்கு, உட்காரச் சீமெந்து வாங்குகள், சின்னப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல். பள்ளிவாசலில் கூட்டம் வைத்தபோது கரைவலைக்காரர்கள் எழும்பிவிட்டார்கள். "சுவர் கட்டினா தோணிய எங்க இழுக்கிற? வலைய உங்கட வாங்குலயா காயப்போடுற?" என்று ஒரே சத்தம். மறுநாளிலிருந்து ஐயா நான்கு நாள் கரையில் குந்தியிருந்து வலை இழுப்பதைப் பார்த்தார். பிறகு வந்து, இரண்டு இடத்தில் சுவரைத் திறந்துவிட்டுத் தோணித்துறை வைத்து வரைபடத்தை மாற்றினார். அதன்பின் அவர்கள் அவருக்கு மீன் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்தின் தலைமை மரைக்கார் வேறு மாதிரி. "சேர், எங்களுக்குச் சுவர் போதும். பூமரம் வேணாம்" என்றார்.

"வெறும் சுவர் கட்டினால் முதல் வருசம் அதுக்குப் பின்னாலை குப்பை கொட்டுவியள்" என்றார் ஐயா. "ரெண்டாம் வருசம் கல்லைப் பிடுங்கி அத்திவாரத்துக்குக் கொண்டுபோவியள். பின்னேரத்திலை பிள்ளையளோடை வந்து இருக்கிற இடமெண்டால் ஒருத்தன் கல்லிலை கை வைக்க நீங்களே விடமாட்டியள். சுவரைக் காப்பாத்தத்தான் பூங்கா." இன்னொன்றும் சொன்னார். பெரிய அலை சுவரைத் தாண்டி வரத்தான் செய்யும். வந்த தண்ணீர் வெறும் மணலில் விழுந்தால் குழி தோண்டிச் சுவரைப் பின்னாலிருந்து கவிழ்க்கும், புல்லில் விழுந்தால் பரவி மெதுவாகத் திரும்பிப் போகும். மரைக்கார் தாடியைத் தடவிக்கொண்டு, "அப்ப பூமரத்தையும் வையுங்க" என்றார்.

வேலை முறையைச் சொல்லாமல் விட மனமில்லை. முதலில் மணற்சரிவைச் சீராக்க வேண்டும். அதன்மேல் சரளை, அதன்மேல் கையால் தூக்கும் கல், கடைசியில் நான்கு பேர் அலவாங்கு போட்டுப் புரட்டும் பெரிய கல். சுவரின் அடியில், கடல் வற்றி நிற்கும் நேரம் பார்த்து ஆழக் குழி வெட்டி, ஆகப் பெரிய கற்களை அதற்குள் இறக்க வேண்டும். அந்த அடிக்கல் நகர்ந்தால் மேலே உள்ள எல்லாம் வழுக்கிக்கொண்டு வரும். அம்பாறைப் பக்கத்து மலையிலிருந்து லொறியில் கல் வரும். ஐயா ஒவ்வொரு கல்லையும் சின்னச் சுத்தியலால் தட்டி, காதைக் கிட்டக் கொடுத்துக் கேட்பார். கணீர் என்றால் இறக்கலாம். மொத்தென்றால் உள்ளே வெடிப்பு. சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்பு மைப் போத்தலை எடுத்து, அதில் ஓர் ஈர்க்கைத் தோய்த்து, அந்தக் கல்லில் ஒரு புள்ளி வைப்பார். அவ்வளவுதான். லொறிக்காரனோடு வாக்குவாதம் இல்லை, ஏச்சு இல்லை. சிவப்புப் புள்ளி விழுந்த கல் வந்த லொறியிலேயே திரும்பிப் போகும்.

முளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், என் கதை அதில்தான் சிக்கியிருக்கிறது. சுவரின் தரைப்பக்க விளிம்பு எங்கே வரும் என்பதை நூறடிக்கு ஒரு மரமுளை அடித்துக் காட்டியிருந்தோம். தலையில் வெள்ளை மை. முளைக்குக் கடல்பக்கம் கல், இந்தப் பக்கம் பூங்கா. மணலில் அடித்த முளையை நம்ப முடியாது, மாடு முட்டும், வலைக்கயிறு இழுத்துக்கொண்டு போகும். ஆகவே காலையில் நூல் பிடிக்குமுன் ஒவ்வொரு முளையையும் இரண்டு நிலையான இடத்திலிருந்து நாடாவால் அளந்து சரிபார்க்க வேண்டும். ஐயாவின் கட்டளை அது. விதிவிலக்கு இல்லை.

மையவாடிக்குள் விழுந்தது ஒரே ஒரு முளை, பதினேழாவது. அந்த இடத்தில் மண்ணைத் தோண்டவே கூடாது, கல்லை மேலே பரப்பிப் போவோம் என்று மரைக்காரோடு பேசி முடித்திருந்தோம். யாருடைய கபுறு எது என்று இனித் தெரியாது, கடல் எல்லாவற்றையும் கலைத்துவிட்டது என்று மரைக்கார் சொன்னார். அது எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது.

அந்த முறை வாடை முந்திக்கொண்டு வரும் போல் இருந்தது. ஐயா கொழும்புக்குப் போய்ப் பத்து நாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காற்று திரும்புவதற்குள் மையவாடி மூலையை முடித்துவிட வேண்டும் என்ற வெறி. விடிந்ததும் கூலியாட்களை விரட்டிக்கொண்டு நின்றேன். முளைகளைச் சரிபார்க்க ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அந்த ஒரு மணித்தியாலத்தை மிச்சம் பிடித்தேன். பதினாறிலிருந்து பதினேழுக்கு நூல் பிடித்தபோது கோடு கடல்பக்கம் கொஞ்சம் சாய்ந்ததைக் கண்டேன். முன்பு தோணித்துறைக்காகக் கோட்டை மாற்றிய ஐயா இங்கேயும் மாற்றியிருப்பார் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். முளையடியில் யாரோ ஒரு பச்சைக் கொப்பைக் குத்தியிருந்ததையும் கண்டேன். அதையும் யோசிக்கவில்லை.

ஐயா திரும்பி வந்தபோது பதினேழு வரைக்கும் அடிக்கல் இறங்கிவிட்டது. அங்கிருந்து பதினெட்டை நோக்கிப் பாதித் தூரம் குழியும் வெட்டியாகிவிட்டது. வந்தவர் பையைக்கூட வைக்காமல் கரைக்கு வந்தார். கழுத்தில் சப்பாத்து. ஒரு கண்ணை மூடிச் சுவரின் நீளத்துக்குப் பார்த்தார்.

"என்ன காணும், பதினேழாம் முளை குளிக்கப் போனதோ?"

நாடாவை எடுத்து அளந்தோம். ஒன்பது அடி கடலுக்குள்.

"காலமை அளந்து பார்த்தனீரோ?" என்று கேட்டார், மிக மெதுவாக.

"இல்லை ஐயா."

அவர் முளையடியில் குந்தி, வாடிப்போயிருந்த கொப்பைத் தொட்டுப் பார்த்தார். கூலியாள் ஒருவர், "அது ஆசியா உம்மாட வேல சேர்" என்றார்.

ஆசியா உம்மா பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் பன்பாய் இழைக்கிறவர். கணவர் கரைவலைக்குப் போய் இறந்தவர். சூறாவளிக்கு முந்திய வருடம், ஏழு வயது மகள் காய்ச்சலில் மௌத்தாகி, அந்த மையவாடியின் கடல் ஓரத்தில் அடக்கமானாள். ஆள் அனுப்பிக் கூப்பிடுமுன் அவரே வந்துவிட்டார். முந்தானையால் தலையை இறுக்கி மூடியிருந்தார். பயந்த மாதிரித் தெரியவில்லை.

"முளையப் புடுங்கின நீங்களா?" என்று நான் பாய்ந்தேன். எனக்கு என் பயம்.

"புடுங்கல்ல தம்பி. மாத்தி நட்டன்" என்றார். "கடல் எல்லாற்ற மீசானையும் கொண்டுபோன. அதுக்குப் பதிலா கவர்மெண்டு புதுசா நட்டுத் தருது எண்டு நினச்சன். எண்ட புள்ளட கட்டயப் பிழையான இடத்தில நட்டிருந்தீங்க. நான் சரியான இடத்தில வச்சன்."

கபுறில் நடும் பச்சைக் கொப்பைத்தான் முளையடியில் குத்தியிருக்கிறார். மையவாடிக்குள் வெள்ளைத் தலையோடு தனியாக நின்ற ஒரு கட்டை. அதை அவர் வேறு என்னவென்று நினைத்திருக்க முடியும்?

அதற்குள் மரைக்காரும் வந்து சேர்ந்தார். "பொம்புளைகள் மையவாடிக்குள்ள வாறதே இல்ல. இந்தப் பொம்புளைக்குக் கபுறு எங்க எண்டு எப்படித் தெரியும்? சேர், நீங்க சுவர நேராக் கட்டுங்க" என்றார்.

"வேலி இல்லாத இடத்துக்கு என்ன உள்ள, என்ன வெளிய?" என்றார் ஆசியா உம்மா. மரைக்காரைப் பார்க்காமல் மணலைப் பார்த்துச் சொன்னார்.

சுவரை நேராக்குவதென்றால் ஒன்பது அடி உள்ளே தள்ளிக் கட்டுவது. அப்படிக் கட்டினால் அவர் கட்டை நட்ட இடம் பெருங்கல்லுக்கு அடியில் போகும். வளைவை விட்டால் வரைபடத்துக்கு மாறு. அதோடு சுவர் கடலுக்குள் துருத்தும் இடத்தில்தான் அலை கூடி அடிக்கும். ஐயா இரண்டையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது. பிறகு ஆசியா உம்மாவிடம் திரும்பினார்.

"உம்மா, இதுதான் இடமெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அடக்குற அண்டைக்கு வாசல்தூணடியில நிண்டுதான் பாத்தன் சேர். கட்டுக் கபுறுட நெத்திக்கு நேர எண்ட புள்ளய வச்சாங்க. பொறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலி மூலையில நிண்டு பாப்பன். அங்க நிண்டா தாழைக்கு நேர. எண்ட மாப்புள கடல்ல வலை போட்ட இடத்த ரெண்டு மரத்த நேர் புடிச்சுத்தான் கண்டுபுடிப்பார். அத மாதிரித்தான் நானும் புடிச்சு வச்சிருந்த."

ஐயா என்னைப் பார்த்தார். "ஆதம்பாவா, இந்த மனிசி உம்மைவிட நல்ல சேர்வயர். தியோடலைட்டைக் கொண்டுவாரும்."

தியோடலைட் என்பது கோணம் அளக்கும் கருவி, முக்காலியில் ஏற்றிக் குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்ப்பது. முதலில் வாசல்தூணின் அடியில் வைத்தோம். ஐயாவே பார்த்தார். தூண், கட்டுக் கபுறு, முளை, மூன்றும் அச்சொட்டாக ஒரே கோட்டில். பிறகு கருவியை வேலி மூலைக்கல்லுக்கு மாற்றினோம். இந்தமுறை அவர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு முளையடியில் நின்றார், என்னைப் பார்க்கச் சொன்னார். நான் கண்ணை வைத்தேன். தாழையின் அடிக்கட்டை குறுக்குக்கம்பியில் நின்றது. முளை நிற்கவில்லை. தள்ளி நின்றது.

மறுபடி பார்த்தேன். தள்ளித்தான் நின்றது.

"என்ன காணும்?" என்று தூரத்திலிருந்து கேட்டார். அவருக்குப் பக்கத்தில் ஆசியா உம்மா கையைக் கோத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார். இல்லை என்று சொன்னால் அந்த மனிசிக்கு இடம் தெரியாது என்று ஆகிவிடும், மரைக்கார் சொன்னபடி சுவர் நேராகும். நான் இறக்கிய அத்தனை அடிக்கல்லும் என் பெயரில் பிடுங்கப்படும். வாடை அதற்குள் வந்துவிடும். இரக்கம் பாதி, பயம் பாதி. எது கூட என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"ஓம் ஐயா, ஒரே கோடு" என்று கத்தினேன். கள அளவுப் புத்தகத்தில் தாழைக்கு எழுதிய கோணத்தையே முளைக்கும் எழுதினேன்.

ஐயா தலையாட்டினார். "அப்ப வளைவு இருக்கட்டும்" என்றார். ஆசியா உம்மா முந்தானையை வாயில் வைத்து அழுதார். நான் கருவியைக் கழற்றி மடக்கிக்கொண்டு நின்றேன், நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் விடியக் கரைக்குப் போனபோது ஐயா எனக்கு முந்தி வந்து, தனியாக நின்று கருவியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்டதும், "வளைவு மூக்கு மாதிரிக் கூரா இருக்கு, அலை அதிலையே இடிக்கும். வயிறு மாதிரி அகட்டிவிட வேணும். இந்த இடத்திலை இன்னும் அஞ்சடி முன்னுக்குப் போவம்" என்றார். இறக்கிய கல்லில் கொஞ்சத்தைப் புரட்டி மறுபடி இறக்க வேண்டியிருந்தது. நான் முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். அந்த ஐந்தடி பிறகு என் மண்டையில் தங்கவில்லை. என் தப்பு ஒன்பது அடி, அதுதான் பசைபோட்டு ஒட்டிக்கொண்டது.

முளையை முன்னுக்கு எடுத்து நடும்போது ஐயா ஆசியா உம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். "உம்மா, உங்கடை கட்டை கொஞ்சம் முன்னுக்குப் போகுது. சம்மதமோ?"

அவர் வேலி மூலைக்கு நடந்துபோய், அங்கிருந்து பார்த்துவிட்டு வந்தார். "இப்பதான் சேர் சரி. நான் நட்ட அண்டைக்கு அலை ஏறி வந்திச்சு. இதுக்கு மேல போக ஏலல்ல" என்றார். பெரிய மனிதர் கேட்கிறாரே என்று மரியாதைக்குச் சொல்கிறார் என நினைத்தேன்.

வாடை வந்தது. மூன்று பகல் கரையிலேயே நின்றேன். ஒவ்வோர் அலையும் அந்த வயிற்றில் மோதும்போது எத்தனை கல் அசைகிறது என்று எண்ணினேன். மூன்றாம் நாள் இரண்டு கல் சரிந்தது, அடிக்கல் அசையவில்லை. காற்று தணிந்ததும் ஐயா வெறுங்காலோடு வளைவின்மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்துவிட்டு, "நிக்கும்" என்றார்.

அடுத்த கோடையில் பூங்கா எழும்பியது. மையவாடிப் பக்கத்தில் மண்ணைத் தோண்டாமல் வேறு இடத்து மண்ணைப் பரப்பிப் புல் வைத்தோம். வளைவுக்குள் ஒரு சீமெந்து வாங்கு போடச்சொன்னார். வாங்குக்கும் சுவர் விளிம்புக்கும் நடுவில் பாதை வேண்டாம், ஊஞ்சல் வேண்டாம், ஆள் மிதிக்கக்கூடாது, அடம்பன் மட்டும் படரட்டும் என்றார். வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பின் ஆசியா உம்மா அந்த வாங்கில் வந்து இருக்கத் தொடங்கினார். வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர், இப்போது உட்கார்ந்து பார்த்தார். பூங்காவில் ஒரு பெண் உட்காருவதற்கு யார் என்ன சொல்வது? மரைக்காரின் பேரப்பிள்ளைகளே ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

எண்பதுகளின் நடுவில் நாடு கெட்டுக்கொண்டு போன நேரம் ஐயா வேலையை விட்டு ஆபிரிக்காவுக்குப் போனார். கல்முனை பஸ் நிலையத்தில் வழியனுப்பினேன். அந்தப் பொய்யை ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். பஸ் இரைந்துகொண்டு நின்றது, நான் இங்கும் அங்கும் நடந்தேன். "கொஞ்சம் சும்மா நில்லும் காணும்" என்று சிரித்துவிட்டு ஏறிப்போனார். ஒரு கடிதமும் இல்லை. இருக்கிறாரா இல்லையா என்றும் தெரியாது.

நவாஸிடம் நான் சொன்ன பாதி, முளை இடம்மாறியதும் ஒரு கபுறுக்காக வளைவை விட்டதும். குழாய்க்குள் நான் கண்டதைச் சொல்லவில்லை. அவர் போனபின்பு எனக்கு நிலைகொள்ளவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், பழைய பதினாறாம் பதினெட்டாம் முளைகளின் சீமெந்து அடையாளத்துக்கு நடுவில் நூல் கட்டி அளந்தேன். பதினான்கு. இரண்டாந்தரமும் அளந்தேன். பதினான்கேதான். அப்போதுதான் அந்த மறுநாள் காலை நினைவுக்கு வந்தது.

மூன்று நாள் கழித்து நவாஸ் மறுபடி வந்தார். கையில் கறையான் ஓரம் தின்ற ஒரு புத்தகம். "கந்தோர் ஸ்டோர்ல கிடந்திச்சு மாமா. உங்கட எழுத்துத்தானே? இந்தப் பக்கத்தப் பாருங்க. இது என்ன அடையாளம் எண்டு விளங்கல்ல."

என் எழுத்துத்தான். மூலைக்கல், தாழை, முளை. தாழைக்கும் முளைக்கும் ஒரே கோணம். நான் எழுதிய பொய். அதன் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு சின்னப் புள்ளி. அதற்குக் கீழே ஐயாவின் பென்சில் எழுத்து. மறுநாள் திகதி, வேறு ஒரு கோணம், ஒரு சின்ன முக்கோணம், கடல்பக்கம் நாலடி என்று ஒரு விடை. அதன் கீழே, அஞ்சடி தள்ளு.

அந்த எண்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பத்து வருடமாக என்னைத் தின்றது இதுதான்: ஆசியா உம்மா வெறும் மணலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பிள்ளை வேறெங்கோ கல்லுக்கடியில் கிடக்கிறாள், அதற்கு நான் சாட்சி. இல்லை. பிள்ளை சுவருக்கு உள்ளேதான் இருக்கிறாள். அடம்பன் படர்ந்த அந்தத் துண்டு நிலத்தில், உம்மாவின் காலடிக்கு நேர் முன்னே. அந்த மனிசி பிடித்த கோடு இரண்டும் சரி. அலை மறித்ததால் கட்டைதான் நாலடி குறைந்தது. அதைத் தனியாக வந்து அளந்து சரிப்படுத்திவிட்டு, மூக்கு என்றும் வயிறு என்றும் எனக்கு ஒரு கதை சொல்லியிருக்கிறார் மனுசன்.

"ஏன் மாமா அழுறீங்க?" என்று நவாஸ் பதறினார்.

மறைக்க இனி என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் பேனாவை எடுத்து, புதிய வரைபடத்தில் நேராகப் போட்டிருந்த நடைபாதைக் கோட்டை வெட்டி, வாங்குக்குப் பின்பக்கமாக வளைத்துப் போட்டார். "காரணம் எண்டு என்ன எழுதுற?" என்று கேட்டார்.

"உள்ளதை எழுதுங்க. ஓவசியர்ட பிழை ஒன்பது அடி, எஞ்சினியர் திருத்தின அஞ்சடி. மொத்தம் பதினாலு."

அவர் போனபின்பும் அந்தச் சிவப்புப் புள்ளி கண்ணிலேயே நின்றது. சிவப்புப் புள்ளி விழுந்த கல் ஒன்றுகூட அந்தச் சுவரில் இல்லை, அத்தனையும் வந்த லொறியிலேயே திரும்பிப் போயின. அன்று காலையே என்மீதும் அவர் ஒரு புள்ளியை வைத்திருக்கிறார். ஆனால் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. வேலை முடியும்வரை பக்கத்திலேயே வைத்திருந்தார்.